பள்ளிக்கூடச் சாவி எங்கள் தெருவிலேயே இருக்கட்டும்

எங்கள் பகுதியின் பேரிடர் மேலாண்மைப் பொறுப்பில் உள்ள அலுவலர்களுக்கு,

வணக்கம். கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரை வட்டத்தில், ஏரிக்குக் கீழுள்ள ஒரு தெருவில், ஒன்பது வயது மகளோடும் மூன்று வயது மகனோடும் குடியிருப்பவள் நான். சென்ற வாரம் ஓர் இரவில் மழை வலுத்தபோது, எங்கள் பகுதிக்கு நிவாரண முகாம் என்று குறிக்கப்பட்டிருக்கும் பள்ளிக்கூடம் திறந்திருக்கிறதா என்று என் கணவர் போய்ப் பார்த்து வந்தார். 2024 வெள்ளத்தன்று தொங்கிய அதே பூட்டு வாயிற்கதவில் தொங்கியது. அன்றிரவு மழை நின்றுவிட்டது. எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

2024ஆம் ஆண்டின் ஃபெஞ்சல் புயலைப் பற்றி உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே அது கரையைக் கடந்து வலுவிழந்தது என்ற செய்தியைக் கேட்டபோது, ஆபத்து விலகிவிட்டது என்றே நாங்கள் நினைத்தோம். வலுவிழந்தது காற்றுதான், மழை அல்ல என்பதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் பக்கத்துத் தருமபுரி மாவட்டத்தின் அரூரில் 33 சென்டிமீட்டரும் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டரும் பெய்தது. ஓராண்டில் எங்கள் மாவட்டம் காணும் மழையில் பாதிக்கும் மேல் ஒரே நாளில் கொட்டியது. சாலையோரம் நின்ற கார்களையும் வேன்களையும் வெள்ளம் உருட்டிச் சென்றதை நாடே பார்த்தது.

டிசம்பர் 1 இரவில் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் கணுக்கால் அளவு ஏறியவுடன் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, மகனை என் கணவர் தோளில் ஏற்றிக்கொள்ள, நான் மகளின் கையையும் மாமியாரின் கையையும் பற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்தோம். கதவு பூட்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் சாவி வைத்திருந்தவர் வெளியூரில் இருந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், சாவியை வேறு யாரிடமும் கொடுத்து வைக்கும்படி அவருக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை. எதிரிலிருந்த கோயில் மண்டபத்தில் விடியும் வரை நின்றோம். மகனுக்கு மூச்சிரைப்பு வந்தது. என் மகள் பூட்டிய கதவையே பார்த்துக்கொண்டிருந்து, "அம்மா, நம்ம ஸ்கூல்தானே, ஏன் நம்மள உள்ள விடல?" என்று கேட்டாள். அவளுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை.

ஆகவே நான் கேட்பது ஒன்றுதான்: அந்தப் பள்ளிக்கூடத்தின் இன்னொரு சாவியை, அதே தெருவில் குடியிருக்கும் இருவரிடம் கொடுத்து வையுங்கள்.

பெற்றோர் செய்ய வேண்டியதை நாங்கள் செய்கிறோம். பிறப்புச் சான்றிதழ், ஆதார், குடும்ப அட்டை ஆகியவற்றைப் பிளாஸ்டிக் உறையில் கட்டி, மகனின் இன்ஹேலர், காய்ச்சல் மருந்து, பிஸ்கட், கொதித்தாறிய தண்ணீர், மாற்றுத் துணி, டார்ச் லைட் ஆகியவற்றோடு அக்டோபரிலிருந்தே ஒரு பையில் தயாராக வைத்திருக்கிறோம். ஓடும் தண்ணீரில் இறங்கக் கூடாது, மின்கம்பத்தைத் தொடக் கூடாது என்று குழந்தைகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். பேரிடர் உதவிக்கு அழைக்கும் 1077 என்ற எண்ணை மகள் மனப்பாடமாகச் சொல்வாள். இத்தனையும் செய்து, பையைத் தூக்கிக்கொண்டு போய் நிற்கும் இடம் பூட்டிக் கிடந்தால் என்ன செய்வது?

கடற்கரை ஊர்களில் புயல் பாதுகாப்பு மையங்கள் இருக்கின்றன. துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுகிறார்கள். கடலே இல்லாத எங்கள் மாவட்டத்தை வறட்சி மாவட்டம் என்று மட்டுமே எல்லோரும் எண்ணிப் பழகிவிட்டார்கள். தண்ணீர் வராது என்ற நம்பிக்கையில்தான் ஓடைகளை மேடாக்கி வீடு கட்டவும் விட்டார்கள். ஏரி நிரம்பிக் கோடி போகும், அதாவது உபரி நீர் வழிந்தோடும், நேரத்தைத் தெருவுக்குத் தெரிவிக்க ஒரு தண்டோரா கூட அன்று போடப்படவில்லை. பள்ளி விடுமுறை அறிவிப்போ, பிள்ளைகள் நனைந்துகொண்டு பேருந்து ஏறிய பிறகு வருகிறது. இவற்றைப் பற்றியெல்லாம் கோபத்தோடு எழுதிக்கொண்டே போக முடியும். ஆனால் ஓடையை மீட்க ஆண்டுகள் ஆகலாம், பூட்டுக்கு மறுசாவி செய்ய ஒரு மணி நேரம் போதும் என்பதால் என் கோரிக்கைக்கே திரும்புகிறேன்.

அடுத்த புயல் கரையைக் கடக்கும் முன்பாக, சாவி வைத்திருக்கும் இருவரின் பெயரையும் கைபேசி எண்ணையும் பள்ளியின் வாயிற்கதவில் பெயின்டால் எழுதச் செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் எப்போதும் ஆள் இருக்கும் ஒருவர் வேண்டுமென்றால், என் மாமியார் சம்மதம் தெரிவித்திருக்கிறார். எங்கள் வீடு அந்தக் கதவிலிருந்து நாற்பதடி தூரம்தான்.

இப்படிக்கு,
ஊத்தங்கரை வட்டத்தைச் சேர்ந்த ஒரு தாய்