நாலு நாளுக்கு ஐந்து பூங்கா வேண்டாம்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

நீ அனுப்பிய பயணத் திட்டம் வந்தது. வியாழன் ஸயன், வெள்ளி பிரைஸ் கேன்யன், அன்றிரவே கேப்பிட்டல் ரீஃப், சனி ஆர்ச்சஸ், ஞாயிறு கேன்யன்லாண்ட்ஸ். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள ஐந்து தேசியப் பூங்காக்களையும் தொட்டுவிட்டு வரலாம்தான். ஆனால் கேமராவோடு போகிறவளுக்கு இந்தக் கணக்கு உதைக்கிறது. பிரைஸிலிருந்து மோவாப் ஊருக்கு எங்கும் நிற்காமல் ஓட்டினாலே நாலரை மணி நேரம். அக்டோபர் நடுவில் அங்கே சூரியன் ஏழரைக்கு எழுந்து, ஆறே முக்காலுக்குள் இறங்கிவிடும். செம்பாறைக்கு நல்ல வெளிச்சம் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம். நாலு நாளில் மொத்தம் எட்டு மணி நேரம். உன் திட்டப்படி போனால் அதில் பாதியை ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே கழிப்பாய்.

அதனால் மோவாபிலேயே மூன்று இரவும் தங்கு. ஆர்ச்சஸ் வாசல் ஊரிலிருந்து எட்டு கிலோமீட்டர். கேன்யன்லாண்ட்ஸின் ‘ஐலண்ட் இன் த ஸ்கை’ பகுதி ஐம்பது கிலோமீட்டர், முக்கால் மணி நேரம். ஸயனும் பிரைஸும் லாஸ் வேகாஸிலிருந்து போய்வர வேண்டிய இடங்கள். அதை வேறொரு பயணமாக வைத்துக்கொள். ஸயனில் பள்ளத்தாக்குச் சாலையில் சீசன் முழுக்க ஷட்டில் பஸ்தான் ஓடும், சொந்தக் காரை விடமாட்டார்கள். வெளிச்சத்தைத் துரத்துகிற அவசரத்தில் பஸ் வரிசையில் நிற்பது எரிச்சல். அதோடு நெவாடாவிலிருந்து யூட்டாவுக்குள் நுழைந்ததும் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடிவிடும். முதல் நாள் மாலை வெளிச்சத்தைப் பலர் கோட்டைவிடுவது அதனால்தான்.

மோவாபுக்கு சால்ட் லேக் சிட்டியிலிருந்து காரில் நாலு மணி நேரம். கொலராடோவின் கிராண்ட் ஜங்ஷனிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள். டிக்கெட் விலையில் பெரிய வித்தியாசம் இல்லையென்றால் கிராண்ட் ஜங்ஷனுக்கே போடு.

ஆர்ச்சஸுக்கும் கேன்யன்லாண்ட்ஸுக்கும் நுழைவுக் கட்டணம் காருக்குத் தலா 30 டாலர், ஏழு நாள் செல்லும். எல்லாப் பூங்காவுக்கும் சேர்த்த ஆண்டு பாஸ் அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு 80 டாலர். ஒரு வருடத்துக்குள் ஸயன் பக்கம் போவதாக இருந்தால் பாஸே லாபம். அங்கே வசிப்பதற்குச் சான்றாக ஓட்டுநர் உரிமத்தைக் கையில் வைத்துக்கொள். பக்கத்திலிருக்கும் டெட் ஹார்ஸ் பாயிண்டில் இந்தப் பாஸ் செல்லாது. அது மாநிலப் பூங்கா, தனிக் கட்டணம். ஆர்ச்சஸில் முன்பதிவு செய்த நேரத்தில் மட்டும் உள்ளே விடும் முறையை 2022-ல் கொண்டுவந்தார்கள். வருடத்துக்கு வருடம் விதியை மாற்றுகிறார்கள். விமான டிக்கெட் எடுக்கும் முன் பூங்காத் துறையின் தளத்தில் உன் தேதிகளைப் பார்த்துவிடு.

இனி வெளிச்சம். எந்தப் பாறை எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது என்பதுதான் உன் நேர அட்டவணை. கேன்யன்லாண்ட்ஸில் உள்ள பாறை வளைவான மேசா ஆர்ச் கிழக்கைப் பார்த்தது, அது காலைக்கு. ஆர்ச்சஸ் பூங்காவின் டெலிகேட் ஆர்ச் வளைவுக்கு மாலை. இந்த இரண்டை மாற்றிப் போட்டால் ஊர் சுற்றிய படம் கிடைக்கும், அவ்வளவுதான்.

மேசா ஆர்ச்சுக்கு ஐந்தேகாலுக்கு அறையை விட்டுக் கிளம்பு. ஆறு மணிக்குக் கொஞ்சம் மேலே கார் நிறுத்துமிடத்தில் இருப்பாய், அங்கிருந்து பத்துப் பதினைந்து நிமிட நடை, நெற்றி விளக்கு வேண்டும். வளைவு சின்னது, பள்ளத்தின் விளிம்பிலேயே நிற்கிறது, ட்ரைபாட்கள் தோளோடு தோள் நிற்கும். பிந்திப் போனால் மற்றவர்களின் முதுகுதான் உன் முன்காட்சி. அங்கே பாறையின் அடிவயிறு கனல் போல ஒளிர்வது நேர் வெயிலால் அல்ல. எழுந்த சூரியன் கீழே உள்ள செங்குத்துப் பாறையில் பட்டு, அந்தச் செவ்வொளி மேலே திரும்பி வருகிறது. ஆகவே சூரியன் தலைகாட்டிய அந்த ஒரு நிமிடத்தோடு காரியம் முடிந்துவிடாது. முதல் ஐந்து நிமிடத்தில் பாதிக் கூட்டம் கிளம்பிவிடும். நீ நில். அடுத்த அரை மணி நேரம் அந்தக் கனல் இருக்கும், இடமும் இருக்கும். கிழக்கு அடிவானத்தில் கனத்த மேகம் கட்டியிருந்தால் மட்டும் ஒன்றும் நடக்காது. முதல் நாள் இரவே செயற்கைக்கோள் மேகப் படத்தைப் பார்த்து, அப்படி இருந்தால் மறுநாளைக்குத் தள்ளிவிடு.

கேமரா அமைப்பு: 16-35 அகல லென்ஸ், ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 100, லென்ஸின் துளை எஃப் 11. சூரியன் வளைவின் ஓரத்தைத் தொடும் நொடியில் துளையைச் சுருக்கி எஃப் 16. கதிர்கள் நட்சத்திரமாக விரியும். ஒளி வித்தியாசம் ஒரு எக்ஸ்போஷரில் அடங்காது. ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சம் இரட்டிப்பாகும் இடைவெளியில் ஐந்து படம் எடு, பிறகு சேர்த்துக்கொள்ளலாம். லென்ஸ் முன் எந்த ஃபில்டரும் வேண்டாம், சூரியனைப் பார்த்து எடுக்கும்போது கண்ணாடிக்குக் கண்ணாடி ஒளி எதிரொளித்துப் பொட்டு விழும். அதே ட்ரைபாட் நிலையில் சூரியனை விரலால் மறைத்து ஒரு படம் எடுத்து வைத்துக்கொள். பொட்டு விழுந்த இடத்தைப் பிறகு அதிலிருந்து ஒட்டிக்கொள்ளலாம்.

ஒயிட் பேலன்ஸை (நிறச் சமநிலை) ஆட்டோவில் விடாதே. கேமரா அந்த ஆரஞ்சைத் தப்பு என்று நினைத்துத் ‘திருத்தி’விடும். டேலைட்டில் வைத்தால் திரையில் நீ பார்ப்பதும் கண்ணால் பார்ப்பதும் ஒத்துப்போகும். கேமரா பதப்படுத்தாத ரா ஃபைலில் பிறகு மாற்றிக்கொள்ளலாமே என்பாய். உண்மைதான், ஆனால் திரையில் சாம்பலாகத் தெரிந்தால் ‘இங்கே வெளிச்சம் இல்லை’ என்று மூட்டையைக் கட்டிவிடுவாய். இன்னொன்று: செம்பாறையில் சிவப்பு நிறத்தின் பதிவுதான் முதலில் எல்லை மீறி வெடிக்கும். ஒற்றை வெள்ளை ஹிஸ்டோகிராம் (ஒளி அளவைக் காட்டும் வரைபடம்) சரி என்று சொல்லும், சிவப்பு மட்டும் வலது ஓரத்தில் முட்டிக்கொண்டிருக்கும். பிறகு திருத்தும்போது பாறையின் வரிகள் போய்ப் பிளாஸ்டிக் மாதிரி ஆகிவிடும். மூன்று நிறமும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமை மெனுவில் ஆன் செய்து வை.

டெலிகேட் ஆர்ச் போய்வர 4.8 கிலோமீட்டர், 146 மீட்டர் ஏற்றம். தூரம் பெரிதில்லை. நிழலே இல்லாத மொட்டைப் பாறைச் சரிவு, அதுதான் மூச்சு வாங்க வைக்கும். சூரியன் இறங்க இரண்டு மணி நேரம் முன்பே வுல்ஃப் ரான்ச்சில் காரை நிறுத்திவிடு. இடம் நிறைந்துவிடும், அங்கே தண்ணீரும் இல்லை. எல்லோரும் வளைவுக்குக் கிட்டே போய் 24 மில்லிமீட்டரில் எடுப்பார்கள். அப்படி எடுத்தால் பின்னால் இருக்கும் லா சால் மலை கடுகாகிவிடும். நீ கிண்ணம் போன்ற பள்ளத்தின் எதிர் விளிம்பில் பின்னுக்கு நின்று 70-200 நீள லென்ஸைப் போடு. வளைவுக்குள் மலை பெரிதாக வந்து உட்காரும், பனி விழுந்திருந்தால் இன்னும் நல்லது. வளைவின் அடியில் யாராவது நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டேதான் இருப்பார்கள். கோபப்படாதே. அளவு காட்ட ஒரு ஆள் நிற்கும் படம் ஒன்று எடு, மற்றதற்குப் பொறுமையாக இரு. இறங்கும்போது இருட்டாகிவிடும். பாறையில் பாதை தெரியாது. அடுக்கி வைத்த கல் குவியல்கள்தான் வழிகாட்டி. ஏறும்போதே அவை எங்கெங்கே இருக்கின்றன என்று திரும்பித் திரும்பிப் பார்த்து வை.

வரிசையை இப்படி வைத்துக்கொள். வியாழன் மாலை களைப்பாக வருவாய், அதனால் ஆர்ச்சஸில் சாலை ஓரத்திலேயே நிற்கும் பேலன்ஸ்டு ராக் போதும். வெள்ளி காலை மேசா ஆர்ச், மாலை அதே பூங்காவின் கிரீன் ரிவர் ஓவர்லுக். அது மேற்கைப் பார்த்தது, ஆறு வளைந்து போவது கீழே தெரியும். சனி காலை ஆர்ச்சஸ் விண்டோஸ் பகுதி, மாலை டெலிகேட். ஞாயிறு காலையை வெறுமனே விடு. எது மேகத்தால் கெட்டதோ அதற்கு அந்தக் காலை. எதுவும் கெடவில்லை என்றால் டெட் ஹார்ஸ் பாயிண்ட். நடுப்பகலில் தூங்கு, கார்டை லேப்டாப்பில் இறக்கு. உச்சி வெயிலில் அந்தப் பாறைகள் வெளிறிக் கிடக்கும்.

மணலைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அந்த மணல் மாவு மாதிரி. திறந்த வெளியில் லென்ஸ் மாற்றினால் சென்சாரில் ஒட்டிக்கொள்ளும். எஃப் 16-ல் நீல வானமெங்கும் கறுப்புப் புள்ளி. காருக்குள், கதவை மூடிக்கொண்டு, ஏசி காற்றை நிறுத்திவிட்டு மாற்று. லென்ஸின் முன்கண்ணாடியைத் துணியால் துடைக்காதே, முதலில் ரப்பர் ஊதியால் ஊது. ட்ரைபாடின் திருகு மூட்டுக்குள் மணல் போனால் நறநறக்கும், பிறகு பிடிக்காது. கால்களை உள்ளே தள்ளும் முன் துடை. வானத்தைக் கருக்கும் போலரைசர் ஃபில்டரை அகல லென்ஸில் போட்டால் வானம் நடுவில் கருத்தும் ஓரத்தில் வெளுத்தும் திட்டாக வரும். அதை நீள லென்ஸோடு நிறுத்திக்கொள். விடியற்காலைக் குளிரில் பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும், மாற்று பேட்டரியை ஜாக்கெட்டின் உள்பையில் உடம்புச் சூட்டில் வை. ட்ரோன் கொண்டுபோகாதே. தேசியப் பூங்காக்களில் 2014 முதல் தடை.

தரையில் கறுப்பாக, மொறுமொறுவென்று மேடு மேடாக ஒரு படலம் தெரியும். மண் இல்லை, உயிர். பாசியும் நுண்ணுயிர்களும் மணலைப் பிணைத்து வைத்திருக்கின்றன. ஒரு காலடி பட்டால் மீண்டு வரப் பல வருடங்கள் ஆகும். நல்ல கோணத்துக்காகப் பாதையை விட்டு விலகினால் பாறை மேலோ, தண்ணீர் ஓடிய மணல் படுகை மேலோ மட்டும் கால் வை. மழை அறிவிப்பு இருந்தால் அந்தப் படுகையிலும் இறங்காதே. தலைக்கு மேல் வானம் தெளிவாக இருந்தாலும், எங்கோ முப்பது நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால் பெய்த மழை வெள்ளமாக வந்துவிடும், பாறை நிலம் தண்ணீரை உறிஞ்சாது.

தண்ணீர் ஒரு நாளைக்கு நாலு லிட்டர். வெறும் தண்ணீராகக் குடித்தால் உப்பு குறைந்து தலை சுற்றும். உப்புக்கடலை கையில் இருக்கட்டும். அம்மா புளிக்காய்ச்சல் கட்டி எடுத்துப் போகச் சொல்கிறாள், இந்த ஒரு விஷயத்தில் அவள் பேச்சைக் கேள். மேலே ஐலண்ட் இன் த ஸ்கையில் சாப்பாட்டுக்கடை கிடையாது, பெட்ரோலும் கிடையாது. தினமும் இரவே டேங்கை நிரப்பி வை. பூங்காவுக்குள் பெரும்பாலும் போனில் சிக்னல் வராது, வரைபடத்தை முன்பே இறக்கிக்கொள். விடியலில் சாலையில் மான் குறுக்கே வரும். வேகத்தைக் குறை.

அறையை ரத்து செய்யக்கூடியதாகப் பதிவு செய். பதிவு செய்ததும் தேதியை அனுப்பு. நிலவு எந்த நேரத்தில் எழுகிறது, எங்கே மறைகிறது என்று பார்த்து எழுதுகிறேன்.

அன்புடன்,
அப்பா