ஊர்ப் பெரிய மனிதரின் மேஜை – கதிருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கதிர்,

உன் குறும்படத் திரைக்கதை வந்தது. இரண்டு முறை படித்தேன். கூடவே எழுதியிருந்த கேள்வியையும் படித்தேன். "பழைய கௌபாய் படம் பத்துப் பார்த்துவிட்டேன் அண்ணா. பத்திலும் அதே பாறை, அதே மதுக்கடை சலூன், அதே கதை. வெளியூர் மார்ஷல் வருகிறார், ஊர்ப் பெரிய மனிதர்தான் திருடன் என்று கண்டுபிடிக்கிறார். இதில் என்ன கற்றுக்கொள்வது?" டெக்ஸ் வில்லர் காமிக்ஸிலேயே வளர்ந்தவன் நீ. உனக்கு இந்தக் கதை பழகிப் போயிருப்பதில் ஆச்சரியமில்லை. ஆனால் அந்தப் பாறைக்கும் அந்தக் கதைக்கும் நடுவே ஒரு கணக்கு இருக்கிறது. அது பிடிபட்டால் உன் திரைக்கதை எங்கே தடுமாறுகிறது என்பதும் பிடிபடும்.

பாறை ஐவர்சன் ராஞ்ச் என்ற படப்பிடிப்புப் பண்ணையில் இருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸின் வடமேற்கு ஓரம், சாட்ஸ்வொர்த். ஹாலிவுட்டிலிருந்து விடிகாலையில் குதிரைகளை லாரியில் ஏற்றினால் வெயில் ஏறுவதற்குள் முதல் ஷாட் எடுத்துவிடலாம். பொழுது சாய்ந்ததும் எல்லோரும் அவரவர் வீட்டுக்குப் போய்விடலாம். படமெடுக்கப் போகும் இன்னொரு பாறைவெளியான அலபாமா ஹில்ஸ் இதைவிட அழகுதான். ஆனால் அது சுமார் 200 மைல் வடக்கே இருக்கிறது. அங்கே போனால் மொத்த யூனிட்டுக்கும் படுக்க இடமும் மூன்று வேளைச் சாப்பாடும் கொடுக்க வேண்டும். அந்தப் பணம் இருந்தவர்கள் போனார்கள். இல்லாதவர்கள் ஐவர்சனின் பாறைகளையே எல்லாத் திசையிலிருந்தும் எடுத்தார்கள். இன்று அந்த இடத்தை 118-ஆம் நெடுஞ்சாலை ஊடறுத்துப் போகிறது.

பணம் ஏன் இல்லை என்பதையும் தெரிந்துகொள். ஒரே டிக்கெட்டில் இரண்டு படம் காட்டிய காலம் அது. முக்கியப் படத்துக்குத் தியேட்டர் வசூலில் பங்கு கொடுத்தது. கூட ஓடிய பி படத்துக்கு நிலையான வாடகை மட்டும். படம் பிரமாதமாக இருந்தாலும் சுமாராக இருந்தாலும் வரவு அதேதான். ஆகவே செலவைக் குறைப்பது ஒன்றுதான் லாபத்துக்கு வழி. 1935-ல் ஹெர்பர்ட் யேட்ஸ் சின்னச் சின்னக் கம்பெனிகளைச் சேர்த்து ரிபப்ளிக் பிக்சர்ஸைத் தொடங்கினார். 1940-களின் பிற்பகுதியில் அங்கே கடைசித் தட்டுப் படத்துக்கு 'ஜூபிலி' என்று பெயர். ஏழு நாள் படப்பிடிப்பு, சுமார் 50,000 டாலர். 35 மி.மீ. ஃபிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். ஆயிரம் அடிச் சுருள் பதினோரு நிமிடம். 55 நிமிடப் படம் என்றால் ஐந்து சுருள். அதை ஏழு நாளில் முடிக்க ஒரு நாளைக்கு எட்டு நிமிடம் தேற வேண்டும்.

எட்டு நிமிடம் என்பது பயங்கரமான வேகம். குதிரைத் துரத்தலில் அது கிடைக்காது. ஒரு அறைக்குள் இரண்டு பேர் பேசினால் கிடைக்கும். இங்கேதான் ஊழல் கதை வந்து சேர்கிறது. ரயில் கொள்ளைக்கு ரயில் வேண்டும், போருக்கு நூறு பேர் வேண்டும். நில மோசடிக்கு ஒரு மேஜை, ஒரு விளக்கு, ஒரு பெட்டகம், ஒரு பத்திரம் போதும். அந்த மேஜைக்குப் பின்னால் கோட்டுப் போட்டு உட்காருகிறவனை இந்தத் தொழிலில் 'பிரெய்ன் ஹெவி', அதாவது மூளைக்கார வில்லன் என்பார்கள். வெளியே போய் அடிக்கிற கையாள் 'டாக் ஹெவி'. நாயைக்கூட உதைப்பவன் என்பதால் அந்தப் பெயர்.

ஜான் வெய்ன் 1933-லிருந்து 1935 வரை லோன் ஸ்டார் நிறுவனத்துக்காக நடித்துக் கொடுத்த, மோனோகிராம் வெளியிட்ட படங்களை வரிசையாகப் பார். முதல் படமான 'ரைடர்ஸ் ஆஃப் டெஸ்டினி'யில் தண்ணீரைக் கையில் வைத்திருப்பவன் பண்ணைக்காரர்களிடம் ஒப்பந்தப் பத்திரம் நீட்டுகிறான். 1934-ன் 'ப்ளூ ஸ்டீல்' படத்தில் பண்ணைகளுக்கு அடியில் தங்கம் இருப்பது ஊரின் முதல் குடிமகனுக்கு மட்டும் தெரியும். வரும் சரக்கு வண்டிகளை ஆள்வைத்து மறித்து ஊரைப் பட்டினி போட்டுவிட்டு, உதவ வந்த நல்லவர்போல நிலத்தை விலைக்குக் கேட்கிறான். அதே ஆண்டு வந்த 'தி ஸ்டார் பேக்கர்' படத்தில் 'நிழல்' என்று பெயர் வைத்துக்கொண்ட தலைவன் தன் ஆட்களிடம்கூட முகம் காட்டுவதில்லை. சுவரில் பதித்த பெட்டகத்துக்குப் பின்னால் நின்று குரல் மட்டும் கொடுக்கிறான். தெருவில் உள்ளீடற்ற ஒரு அடிமரம் இருக்கிறது. அதற்குள் சுரங்கவழியாக ஆள் வந்து நின்று சுடுகிறான். யார் சுட்டது என்று ஊருக்குத் தெரிவதே இல்லை. ஒரு போலிப் பெட்டகம், ஒரு போலி மரம், இரண்டே சாமான்களில் ஊர் முழுவதும் பயம் பரவிவிடுகிறது. அதைச் செய்திருக்கும் விதம் எனக்கு இன்றும் பிரமிப்புதான்.

நடிகர்களும் அப்படித்தான். 'ஸ்டார் பேக்கர்' வில்லன் ஜார்ஜ் ஹேய்ஸ், 'ப்ளூ ஸ்டீல்' படத்தில் சட்டத்தைக் காக்கும் ஷெரிஃப். 'ஸ்டார் பேக்கர்' படத்தில் நாயகனின் தோழனாக வரும் சாகச நடிகர் யகிமா கானட் 'ப்ளூ ஸ்டீல்' படத்தில் கொள்ளைக்காரன். வெய்னுக்கு டூப் போட்டதும் பெரும்பாலும் கானட்தான்.

இந்தக் கதைகள் கற்பனையில் முளைத்தவை என்று நினைத்துவிடாதே. நியூ மெக்சிகோவின் லிங்கன் ஒற்றைத் தெரு ஊர். 1870-களில் மர்ஃபி, டோலன் இருவரின் கடையை 'தி ஹவுஸ்' என்றே சொன்னார்கள். ஊரின் வியாபாரமும், ஸ்டான்டன் கோட்டைக்கு மாட்டிறைச்சி கொடுக்கும் ஒப்பந்தமும், ஷெரிஃப் பிரேடியின் ஆதரவும் அந்தக் கடைக்குத்தான். போட்டிக் கடை வந்ததும் 1878-ல் ஊர் ரத்தக்களறியானது. அரிசோனாவின் கோச்சீஸ் கவுண்டியில், அதாவது மாவட்டத்தில், வரி வசூலும் ஷெரிஃபின் வேலை. வசூலில் பத்து சதவீதம் அவருக்கு. அந்தப் பதவிக்கு ஏன் அடித்துக்கொண்டார்கள் என்பது இப்போது புரிகிறதா?

உன் திரைக்கதையில் முதல் பிழை இங்கேதான் இருக்கிறது. உன் மார்ஷல் வந்து இறங்கியதும் ஷெரிஃபை வேலையை விட்டு நீக்குகிறார். அவரால் முடியாது. ஷெரிஃப் கவுண்டி மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர். யு.எஸ். மார்ஷலை நியமிப்பது ஜனாதிபதி. மார்ஷலின் அதிகாரம் மத்திய அரசின் சட்டத்தை மீறிய குற்றங்களுக்கு மட்டும். தபால் கொள்ளை, கள்ள நோட்டு, அரசு நிலத்தில் மோசடி, இப்படி. ஆகவே வில்லன் கொள்ளையடிக்கும் கோச்சு வண்டியில் ஒரு தபால் பையை வை. அந்த ஒரு பை போதும், மார்ஷல் ஊருக்குள் வர உரிமை வந்துவிடும். ஷெரிஃபைத் தொட முடியாமல் அவர் தவிப்பதுதான் உன் கதையின் நடுப்பகுதி. மார்ஷல்கள் இந்தப் படங்களில் மாறுவேடத்தில் வருவதற்கும் இதே நியாயம் பொருந்தும். 1941, 42-ல் மோனோகிராம் எடுத்த 'ரஃப் ரைடர்ஸ்' வரிசை எட்டுப் படங்களில் பக் ஜோன்ஸ், டிம் மக்காய், ரேமண்ட் ஹாட்டன் மூவரும் மார்ஷல்கள். ஒருவரை ஒருவர் தெரியாதவர்போல ஊருக்குள் நுழைவார்கள். மூன்று திசையில் மூன்று பேர் விசாரித்தால் அலுவலகக் காட்சிக்கும் சுவாரசியம் வந்துவிடுகிறது.

இனி துரத்தல். நீ ஐந்து பக்கம் எழுதியிருக்கிறாய், ஒரு நாள் கால்ஷீட் வைத்திருக்கிறாய். அவர்கள் செய்ததைச் செய். ஒரு வளைவில் கேமராவை நிறுத்து. கொள்ளையர் இடமிருந்து வலமாகப் போகட்டும். புழுதி அடங்கும்வரை பொறு. அதே வழியில் மார்ஷல் போகட்டும். கேமராவை நகர்த்தாமல் லென்ஸை மாற்றி இரண்டு கூட்டத்தையும் மறுபடி ஓடவிடு. நாலு இடத்தில் இப்படி எடுத்தால் பதினாறு ஷாட். கெடுவது எங்கே என்றும் சொல்கிறேன். யாராவது ஒருவர் வலமிருந்து இடமாகப் போய்விட்டால் இரண்டு கூட்டமும் நேருக்கு நேர் மோத வருவதுபோலத் தோன்றும். காலையில் கொள்ளையரையும் மாலையில் மார்ஷலையும் எடுத்தால் நிழல் காட்டிக்கொடுக்கும். பக்கத்திலேயே கார் ஓட்டிக்கொண்டு படமெடுத்தால் அடுத்த ஷாட்டில் மண்ணில் டயர் தடம் கிடக்கும். அந்தக் காலப் படங்களிலேயே அதைக் காணலாம். குதிரையின் காலில் இருக்கும் வெள்ளையைக் குறித்து வைத்துக்கொள், டூப் குதிரையில் அது மாறிப்போகும்.

1932, 33-ல் வார்னர் நிறுவனம் வெய்னை வைத்து எடுத்த ஆறு படங்களில் இதையே தலைகீழாகச் செய்தார்கள். கென் மேனார்ட் நடித்த மௌனப் படங்களின் சாகசக் காட்சிகள் கிடங்கில் இருந்தன. அவற்றை வெட்டி ஒட்டுவதற்காக வெய்னுக்கு மேனார்ட் போலவே உடை போட்டு, அவருடைய வெளிர்நிறக் குதிரைக்கு ஈடாக ஒரு வெள்ளைக் குதிரையைக் கொடுத்தார்கள். பழைய ஷாட்டுக்குப் பொருந்தும்படி புது நாயகனை உடுத்தினார்கள்.

சண்டைக்கு வா. முன்பெல்லாம் தோளிலும் மார்பிலும் நிஜமாகவே குத்துவார்கள். கேமராவில் அது குத்தாகவே தெரியாது. வெய்ன், கானட், இயக்குநர் ராபர்ட் பிராட்பரி மூவரும் சேர்ந்து பண்படுத்தியது 'பாஸ் சிஸ்டம்'. வாங்குகிறவனின் தோளுக்குப் பின்னால் கேமரா இருக்க வேண்டும். கை முகத்துக்கு முன்னால் குறுக்கே கடந்து போக வேண்டும். கை கடக்கும் அதே நொடியில் தலை திரும்ப வேண்டும். பக்கவாட்டிலிருந்து எடுத்தாயானால் நடுவில் இருக்கும் இடைவெளி அப்பட்டமாகத் தெரியும். தலை ஒரு நொடி தாமதித்தாலும் ஷாட் வீண். உடைகிற நாற்காலிக்கு எடையில்லாத பால்சா மரம். தொப்பி விழாமல் பார்த்துக்கொள், விழுந்தால் டூப்பின் முகம் வெளியே வந்துவிடும்.

துப்பாக்கிக்கு அவர்கள் பயன்படுத்தியது 'ஃபைவ்-இன்-ஒன்' வெற்றுத் தோட்டா, அதாவது குண்டில்லாமல் வெடிமருந்து மட்டும் உள்ளது. மூன்று அளவு ரிவால்வர்களுக்கும் (.38-40, .44-40, .45 கோல்ட்) இரண்டு அளவு ரைஃபிள்களுக்கும் (.38-40, .44-40) ஒரே தோட்டா பொருந்தும். 1870-களில் நடக்கும் கதையிலும் 1892 மாடல் வின்செஸ்டர் தலைகாட்டுவதற்கு இந்த வசதியும் ஒரு காரணம். நீ வெற்றுத் தோட்டாவைத் தொடாதே. அதுவும் கிட்டத்தில் ஆளைக் கொல்லும். பொம்மைத் துப்பாக்கி போதும், தீப்பொறியை எடிட்டிங்கில் சேர்த்துக்கொள். ஆனால் ரிவால்வரில் ஆறு குண்டுதான், எண்ணிக்கொள். இரவுக் காட்சிக்கு அவர்கள் பகலிலேயே சிவப்பு ஃபில்டர் போட்டு வெளிச்சத்தைக் குறைத்துப் பதிவு செய்தார்கள். கறுப்பு வெள்ளையில் நீல வானம் கறுத்துவிடும். மேகமூட்டமான வானம் கறுக்காது. அந்த நாளில் அதை முயலாதே.

இந்தப் படங்கள்மேல் எனக்குள்ள வருத்தங்களையும் மறைக்கப் போவதில்லை. குதிரையின் முன்காலில் கம்பி கட்டி ஓடும்போதே இழுத்து விழவைக்கும் 'ரன்னிங் டபிள்யூ' என்ற முறையால் எத்தனையோ குதிரைகள் கால் முறிந்து செத்தன. செவ்விந்தியர் வேடத்தை வெள்ளையர்களே போட்டார்கள், கானட் உட்பட. மூன்றாவது வருத்தம் கதையைப் பற்றியது. மேஜைக்காரன் பிடிபட்டதும் ஊரே சுத்தமாகிவிடுகிறது. அவனிடம் பங்கு வாங்கியவர்கள் எங்கே போனார்கள்? 1958-ல் பட் போட்டிச்சர் இயக்கி ராண்டால்ஃப் ஸ்காட் நடித்த 'புக்கானன் ரைட்ஸ் அலோன்' இந்தக் கேள்வியை எதிர்கொள்கிறது. நாயகன் மார்ஷல் இல்லை, வழிப்போக்கன். எல்லையோர ஊரின் பெயரே ஆக்ரி டவுன். நீதிபதி ஒரு ஆக்ரி, ஷெரிஃப் ஒரு ஆக்ரி, ஹோட்டல்காரர் ஒரு ஆக்ரி. மூவரும் ஒரே பணத்துக்காக ஒருவரை ஒருவர் ஏமாற்றுகிறார்கள். உன் ஷெரிஃப் எலும்பும் சதையுமாக வேண்டுமென்றால் இதைப் பார்த்துவிட்டு எழுது.

பார்க்கும்போது பிரதியைக் கவனி. லோன் ஸ்டார் படங்களில் முதலில் பின்னணி இசை கிடையாது என்றே சொல்லலாம். குளம்பொலியும் காற்றும்தான். சிந்தசைசர் இசை கேட்டால் அது பல பத்தாண்டு கழித்து ஒட்டியது. அதை விட்டுவிட்டு வேறு பிரதி தேடு. அதே லோன் ஸ்டார் வரிசையின் 'ராண்டி ரைட்ஸ் அலோன்' தொடக்கத்தை இசை இல்லாமல் பார்க்க வேண்டும். வெய்ன் சலூன் கதவைத் தள்ளி உள்ளே போகிறார். பியானோ வாசிக்கிறது. வாசிக்க ஆளில்லை, தானியங்கிப் பியானோ. தரையிலும் மேஜையிலும் பிணங்கள். சுவரில் மாட்டிய படத்தின் கண்கள் அசைகின்றன. வசனம் கிடையாது, ஓட்டம் கிடையாது. ஒரு செட், சில துணை நடிகர்கள், ஒரு பியானோ.

இப்படி வரிசையாகப் படம் எடுக்கும் வழக்கம் 1954-ல் வெய்ன் மாரிஸ் நடித்த 'டூ கன்ஸ் அண்ட் எ பேட்ஜ்' படத்தோடு முடிந்ததாகச் சொல்வார்கள். தொலைக்காட்சி வீட்டுக்குள் இலவசமாகக் கொடுத்ததைக் காசு கொடுத்துப் பார்க்க யாரும் வரவில்லை.

நீ இப்போதைக்குத் துரத்தலை ஓரமாக வை. உன் வில்லனின் மேஜைமேல் இருக்கும் பத்திரத்தை எழுது. எந்த நிலம், என்ன விலை, எந்தத் தேதிக்குள் கையெழுத்தாக வேண்டும், ஷெரிஃபுக்கு எவ்வளவு, அதை யார் கையால் கொடுத்தனுப்புகிறான். ஒரு பக்கம் போதும். எழுதியதும் அதை மட்டும் அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்