'குவோத்' யார் வீட்டுப் பிள்ளை?

ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற வார ஆங்கிலப் பயிற்சிப் பக்கத்தில், மேற்கோள் காட்டுவதைக் குறிக்கும் 'குவோட்' என்ற வினையின் பழைய இறந்தகால வடிவம்தான் 'குவோத்' என்று போட்டிருந்தீர்கள். ஓசை ஒத்துப்போவதால் பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

'குவோட்' லத்தீன் வழி வந்தது. நூலின் பகுதிகளுக்கு எண் போடுவதுதான் அதன் பழைய வேலை. மேற்கோள் காட்டுவது பிற்பாடு வந்த பொருள். 'குவோத்' அசல் ஆங்கிலம். பழைய ஆங்கிலத்தில் 'க்வெதன்' என்றால் சொல்வது. அன்றைக்கு அது வெகு சாதாரணமான சொல். நாளாவட்டத்தில் மற்ற வடிவங்களெல்லாம் உதிர்ந்துபோக, 'சொன்னான்', 'சொன்னேன்' என்ற இறந்தகாலம் மட்டும் மிஞ்சியது. ஐஸ்லாந்து மொழியில் இதன் பங்காளியான 'க்வெதா' பாட்டு ஓதுவதற்கு இன்றும் புழங்குகிறது.

சரி, எப்படிப் பயன்படுத்துவது? எழுவாய்க்கு முன்னால் வரவேண்டும்: 'குவோத் ஹி', 'குவோத் ஐ'. எட்கர் ஆலன் போ 1845இல் வெளியிட்ட கவிதையிலும் அண்டங்காக்கை சொன்னதை 'குவோத் த ரேவன்' என்றுதான் எழுதியிருக்கிறார். முன்னிலைக்கு இந்தச் சொல் ஒத்துவராது. முக்கியமாக, சொன்ன வார்த்தைகள் அப்படியே கூட வரவேண்டும். நம் 'என்றான்' தனியாக நிற்காதல்லவா, அதே கதைதான். ஆகவே நீங்கள் கொடுத்த 'மை டீச்சர் குவோத் எ ப்ராவெர்ப்' வாக்கியம் இரண்டு விதத்தில் தவறு: வரிசையும் இல்லை, ஆசிரியர் சொன்ன பழமொழியும் இல்லை.

இந்தச் சொல்லுக்கு உண்மையான உறவு வேண்டுமென்றால் உயிலில் தேடலாம். உயில் வழியாகச் சொத்தை விட்டுச்செல்வதற்கு வக்கீல்கள் எழுதும் 'பிக்வீத்', அதே 'க்வெதன்' வழி வந்ததுதான். 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தைப் புரட்டினால், உதாரணத்துக்கு உதாரணம் 'ஏ பிக்வீத்ஸ்' என்றே வரும். இதற்கு எல்லாக் காலமும் உண்டு. கோர்ட்டில் தினமும் வேலையும் உண்டு. பாவம், 'குவோத்'துக்குக் கவிதையும் கிண்டலும்தான் கிடைத்தது. இன்று யாராவது அதை எழுதினால், பெரும்பாலும் வேண்டுமென்றே பழைய வேஷம் கட்டுகிறார்கள் என்று அர்த்தம்.

அந்தப் பயிற்சியை மாணவர்கள் வெட்டி ஒட்டிவைக்கிறார்கள். திருத்தத்தை மூலையில் போடாமல், அதே பக்கத்தில், விடைகளுக்கு மேலேயே வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்