நான்கு துளைகள் மட்டும் பாக்கி

பெரம்பூர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். நீ வரைபடம் அனுப்பி ஏழு வாரங்கள் ஆகின்றன. அதன் பிறகு உன்னிடமிருந்து வந்தது 'சரிப்பா' என்ற ஒற்றைச் சொல் மட்டுமே என்பதால், வேலையைப் பற்றியே விரிவாக எழுதுகிறேன்.

ரிமோட்டில் ஓடும் உன் குட்டி மான்ஸ்டர் டிரக்கின் சேஸிஸ், அதாவது அடிச்சட்டம், ஏறக்குறைய முடிந்துவிட்டது. பாரிமுனைக்குப் போய் 6061 ரக அலுமினியத் தகடு, 3 மி.மீ. கனத்தில் வாங்கி வந்தேன். பக்கத் தகடுகளைத் தனித்தனியாகத் துளைத்தால் சிறு பிசகிலும் வண்டி கோணிக்கொள்ளும் என்பதால், இரண்டையும் சேர்த்து கிளாம்பில் இறுக்கி, துளைக்கும் இடங்களில் டாட் பஞ்சால் புள்ளிக்குழி அடித்து, மண்ணெண்ணெய் சொட்டுவிட்டபடியே 3.2 மி.மீ. டிரில்லால் துளையிட்டேன். பிசிறை அரத்தால் எடுத்திருக்கிறேன். விரலால் தடவிப் பார், எங்கும் கீறாது. உன் அளவுகள் அத்தனை சுத்தமாக இருந்தன. என்னோடு வேலை பார்த்த நண்பர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு யார் வரைந்தது என்று கேட்டார்; என் பெண் என்றேன்.

லித்தியம் பாலிமர் பேட்டரியைக் கூரியரில் அனுப்ப மாட்டேன், அங்கேயே வாங்கிக்கொள். ஒரு செல் 4.2 வோல்ட்டைத் தாண்டவும் கூடாது, 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவும் கூடாது. சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்காதே. மாப்பிள்ளையைக் கவனித்துக்கொள்ளச் சொல் என்று எழுத வந்தேன். அதை விட்டுவிடுகிறேன், நீயே பக்கத்தில் இரு.

நான்கு துளைகளை மட்டும் இன்னும் போடவில்லை, அவை மேல் லிங்குகளுக்கு, அதாவது சக்கர அச்சைச் சேஸிஸோடு இணைக்கும் மேல் கம்பிகளுக்கானவை. நீ வைத்திருக்கும் கிளாட் பஸ்டர் அச்சுகளில், டாமியா கம்பெனி 1987இல் அந்த வண்டியை வெளியிட்டது முதலே, மோட்டார் அச்சின் மீதே உட்கார்ந்திருக்கிறது. முடுக்கும்போது அச்சுக்கூடு எதிர்ப்பக்கமாகச் சுழலப் பார்க்கும். அதை மேல் லிங்க்தான் தாங்க வேண்டும். நீ மேல் லிங்குகளையும் கீழ் லிங்குகளையும் இணையாக வரைந்திருக்கிறாய். ஐஸ் குச்சிகளையும் குண்டூசிகளையும் வைத்து அட்டையில் ஒரு மாதிரி செய்து, அச்சை ஒரு விரலால் பக்கவாட்டில் தள்ளினேன். நான்கு குச்சிகளும் சேர்ந்து சாய்ந்து, அச்சு அப்படியே இடம் மாறிப் போயிற்று.

ஐசிஎஃப் ரயில் பெட்டியின் போகியில் (சக்கரச் சட்டத்தில்), பெட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டமான போல்ஸ்டரைப் பிடித்து வைக்கும் ஆங்கர் லிங்குகளைச் சிறு வயதில் உனக்குப் படம் போட்டுக் காட்டியிருக்கிறேன். போல்ஸ்டர் ஸ்பிரிங்கின் மேல் ஏறி இறங்கலாம், முன்னும் பின்னும் நகரக் கூடாது. உன் அச்சுக்கும் அதே நியாயம்தான், ஆனால் அது பக்கவாட்டிலும் நகரக் கூடாது. மேல் லிங்குகளைச் சேஸிஸின் நடுவில் ஒரு குறுக்குக் கட்டையில் சேர்த்து, அச்சின் இரு ஓரங்களுக்கும் 'வி' போல விரிக்கலாம். அப்போது தகட்டில் வரும் துளைகளின் இடமே வேறு. அல்லது நீ வரைந்தபடியே விட்டு, ஒவ்வொரு அச்சுக்கும் குறுக்காக ஒரு பன்ஹார்ட் ராடு, அதாவது அச்சைப் பக்கவாட்டில் நகரவிடாமல் சேஸிஸோடு பிடிக்கும் கம்பி, கொடுக்கலாம். நீ இப்படி வரைந்ததற்கு நான் அறியாத காரணமும் இருக்கலாம்.

முன்பென்றால் கேட்டிருக்க மாட்டேன். ஒன்பதாம் வகுப்புக் கண்காட்சிக்கு நீ பிளைவுட்டில் அறுத்துச் செய்த வண்டியை, நீ தூங்கிய பிறகு பிரித்துப் போட்டு, விடிவதற்குள் தகட்டில் நானே செய்து வைத்தேன். பரிசு வந்தது. 'இது நீங்க செஞ்ச வண்டிப்பா' என்று சொல்லிக் கோப்பையை என் கையில் கொடுத்துவிட்டு நீ உள்ளே போய்விட்டாய். அன்று அதைப் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டேன். உன் பிளைவுட் வண்டியில் கோணல் இருந்தது, ஆனாலும் அது ஓடியது, பாப்பா. ஓடாது என்று உன் அம்மாவிடம் நான் சொன்னது பொய். பிறகு, யோசிக்கப் பத்து நாள் வேண்டும் என்று நீ கேட்டபோதும், பத்திரிகை அடிக்கக் கொடுத்தாயிற்று என்று வாயை அடைத்தேன். அப்போது அச்சகத்துக்கு நான் போயிருக்கவே இல்லை, மறுநாள்தான் போனேன்.

இதை எழுத இந்த ஏழு வாரங்கள் தேவைப்பட்டன. நீயும் ஒரு வரி எழுதியிருக்கலாம். அம்மா ஒவ்வொரு இரவும் உன் கைபேசி எண்ணைப் போட்டுப் பார்த்துவிட்டு, மணி அடிப்பதற்குள் வைத்துவிடுகிறாள்.

தகடுகளைப் பழைய வேட்டியில் சுற்றி பீரோவின் மேல் வைத்திருக்கிறேன். துளைகளை எங்கே போடுவதென்று நீ சொன்ன அன்றே போட்டு அனுப்பிவிடுவேன். நீயே போட விரும்பினால் டிரில் பிட்டையும் டாட் பஞ்சையும் சேர்த்து அனுப்புகிறேன். சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்காதே. பார்சலைப் பழைய முகவரிக்கு அனுப்புவதா, வேறு முகவரிக்கா என்பதை மட்டும் எழுது. இங்கேயே வைத்திரு என்று நீ எழுதினாலும், உன் அறையில் மேசையைக் காலி செய்து வைத்திருக்கிறேன்.

உன் அப்பா