செட்டிநாட்டு உள்ளாட்சிகளுக்கு: கணினிச் செலவைச் சேர்ந்து செய்யுங்கள்

காரைக்குடி மாநகராட்சி, தேவகோட்டை நகராட்சி மன்றத்தாருக்கும், செட்டிநாட்டுப் பேரூராட்சித் தலைவர்களுக்கும் செயல் அலுவலர்களுக்கும், ஊராட்சிகளைக் கவனிக்கும் வட்டார வளர்ச்சி அலுவலர்களுக்கும் வணக்கம்.

பள்ளத்தூரில் பூர்வீக வீடு உள்ள, வரி கட்டுகிற குடிமகன் எழுதுகிறேன். சென்னையில் நிறுவனங்களுக்குக் கணினிப் பராமரிப்பு வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன். உங்களிடம் கேட்பது ஒன்றுதான். கணினி, இணையம், ஆவணச் சேமிப்பு, பழுதுபார்ப்பு என்று ஒவ்வோர் அலுவலகமும் தனித்தனியாகச் செய்யும் செலவை, எல்லோரும் சேர்ந்து ஒரே ஏற்பாடாகச் செய்யுங்கள்.

காரைக்குடி 2024-இல் மாநகராட்சி ஆகிவிட்டது. அங்கிருந்து ஒரு பஸ் ஏறினால் பள்ளத்தூர், புதுவயல், கானாடுகாத்தான். கொஞ்சம் தள்ளி நெற்குப்பை. சாக்கோட்டை, கல்லல், திருப்பத்தூர் ஒன்றியங்களில் எத்தனையோ ஊராட்சிகள். சிவகங்கை மாவட்ட எல்லையைத் தாண்டிப் புதுக்கோட்டை மாவட்டத்துக்குள் போனால் அரிமளம், ராயவரம், பொன்னமராவதி. எல்லா அலுவலகங்களுக்கும் வேலை ஒன்றுதான்: வீட்டு வரி, குடிநீர் இணைப்பு, தெருவிளக்கு, குப்பை, கட்டட அனுமதி, புகார். வாங்கும் பொருளும் ஒன்றுதான். ஆனால் கணினியையும் யுபிஎஸ் பேட்டரியையும் வைரஸ் தடுப்பு மென்பொருளையும் ஆளுக்கு ஒரு விலைப்புள்ளி கேட்டு வாங்குகிறார்கள். இரண்டு மூன்று கணினிக்கு எந்தக் கடைக்காரரும் விலையை இறக்க மாட்டார். அதையே நாற்பது ஐம்பதாகச் சேர்த்து ஒரே டெண்டராக விட்டால் பேச்சே வேறு.

சேர்ந்து செய்வது நமக்குப் புதிதும் இல்லை. காவிரித் தண்ணீர் திருச்சிப் பக்கமிருந்து ராமநாதபுரம் வரை கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில்தான் போகிறது. எந்த ஊரும் தனியாக அவ்வளவு தூரம் குழாய் பதிக்க முடியாது என்று தெரிந்ததால்தான் அந்தத் திட்டம் வந்தது. வரி வசூலிலும் அரசே பொதுவான இணையதளங்களைக் கொடுத்திருக்கிறது. நகர்ப்புறங்களில் அரையாண்டு வரியை ஏப்ரலிலும் அக்டோபரிலும் முதல் 30 நாட்களுக்குள் கட்டினால் 5 சதவீத ஊக்கத்தொகை உண்டு. அதனால் அந்த மாதங்களில் ஒரே கூட்டம். அந்தக் கூட்டத்தைத் தாங்கும் இயந்திரத்தை ஒவ்வொரு பேரூராட்சியும் சொந்தமாக வாங்கியிருந்தால், மிச்ச மாதங்களில் அது ஏசி அறையில் சும்மா ஓடி மின்கட்டணத்தைத்தான் ஏற்றியிருக்கும். கிளவுடில், அதாவது இணையம் வழியாக வாடகைக்குக் கிடைக்கும் வேறிடத்துக் கணினிகளில், தேவைப்படும் மாதம் கூட்டிக்கொள்ளலாம், மற்ற மாதங்களில் குறைத்துக்கொள்ளலாம். வாடகை, பயன்படுத்திய அளவுக்கு மட்டும்.

சரி, வரிக்குத்தான் அரசின் ஏற்பாடு இருக்கிறதே, இன்னும் என்ன என்று கேட்பீர்கள். அலுவலகத்துக்குள் கிடப்பதைப் பாருங்கள். பழைய வரிவிதிப்புப் பேரேடுகள், மன்றத் தீர்மானப் புத்தகங்கள், கட்டட வரைபடங்கள், தெருவிளக்குப் பதிவேடு, குடிநீர் இணைப்பு விண்ணப்பங்கள். இவற்றில் பாதி காகிதத்தில் இருக்கிறது, மீதி யாரோ ஒருவருடைய மேசைக் கணினியில் இருக்கிறது. நம் பகுதியில் இது சின்ன விஷயம் இல்லை. இங்கே பெரிய வீடுகள் பலவற்றுக்குப் பங்காளிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலுமாக இருக்கிறார்கள். வரிவிதிப்பு இன்னும் கொள்ளுத்தாத்தா பெயரில் இருக்கும். பெயர் மாற்றவோ பாகம் பிரிக்கவோ வந்தால் பழைய பதிவுதான் ஆதாரம். எங்கள் குடும்ப வீடு ஒன்றுக்கு ஓர் அலுவலகத்தில் பழைய வரிவிதிப்பு நகல் கேட்டபோது, “அந்த சிஸ்டம் போயிடுச்சு சார், ஹார்ட் டிஸ்க்ல இருந்து எடுக்க முடியலை” என்றார்கள். அந்த ஊழியர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கு நகல் எடுத்து வைக்க யாரும் சொல்லித்தரவில்லை, அதற்கு ஆளும் போடவில்லை. அந்தப் பதிவு இல்லாததால் எங்கள் குடும்பத்தில் ஒரு பாகப்பிரிவினை இன்னும் முடியவில்லை.

அதனால் கூட்டாகச் செய்யவேண்டிய முதல் வேலை ஆவணங்களை ஸ்கேன் செய்து, தினமும் தானாக நகல் எடுக்கும்படி கிளவுடில் வைப்பது. இதற்கு ஒரு ஸ்கேனர், பயிற்சி பெற்ற இரண்டு பேர், ஒரு வண்டி போதும். ஊர் ஊராகப் போய் முடிக்கலாம். ஒவ்வோர் ஊரும் சொந்தமாக ஸ்கேனர் வாங்கினால் வேலை முடிந்தபின் அது மூலையில்தான் கிடக்கும்.

அடுத்தது ஆள். உண்மையான மிச்சம் இயந்திரத்தில் இல்லை, ஆளில்தான் இருக்கிறது. நல்ல கணினித் தொழில்நுட்பர் ஒருவருக்குச் சம்பளம் கொடுக்க ஒரு பேரூராட்சியால் முடியாது. அதனால் எது கெட்டாலும் மதுரையிலிருந்தோ காரைக்குடியிலிருந்தோ ஒருவர் வரும்வரை கவுன்டர் மூடிக் கிடக்கிறது. மக்கள் பஸ் காசு செலவழித்து வந்து திரும்பிப் போகிறார்கள். பத்து அலுவலகங்கள் சேர்ந்தால் இரண்டு பேரை முழுநேரமாக வைத்துக்கொள்ளலாம்.

இப்படிச் சேர்ந்து செய்தவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். டென்மார்க்கில் 98 நகராட்சிகள். அங்கே நகராட்சிகளுக்குச் சொந்தமாக இருந்த கணினி நிறுவனம் விற்கப்பட்டு, அதே நிறுவனத்திடமே எல்லோரும் விலை பேசவேண்டிய நிலை வந்தபோது, 2009-இல் கோம்பிட் என்ற பொது அமைப்பை உண்டாக்கினார்கள். நகராட்சிகள் எல்லாவற்றுக்குமாக அதுவே மென்பொருளுக்கு டெண்டர் விடுகிறது. அவ்வளவு தூரம் போகவேண்டாம் என்றால் பக்கத்தில் கேரளாவைப் பாருங்கள். அங்கே உள்ளாட்சிகளுக்கான கணினி வேலைக்கென்றே இன்ஃபர்மேஷன் கேரளா மிஷன் 1999 முதல் இருக்கிறது. 2024 ஜனவரி முதல் நகராட்சிச் சேவைகளை கே-ஸ்மார்ட் என்ற ஒரே தளத்தில் கொடுக்கிறார்கள். நம் நாட்டு அரசு அலுவலகங்களுக்காக மேகராஜ் என்ற கிளவுட் திட்டம் ஏற்கெனவே இருக்கிறது. மத்திய அரசு தணிக்கை செய்து பட்டியலில் சேர்த்த கிளவுட் நிறுவனங்களும் உண்டு. தரவை இந்தியாவுக்குள்தான் வைக்கவேண்டும் என்பது அவர்களுக்கு நிபந்தனை.

செலவை எப்படிப் பிரிப்பது என்பதில்தான் சண்டை வரும். அதற்கும் நம் ஊரிலேயே வழி இருக்கிறது. நகரத்தார் கோயில் காரியத்துக்கும் ஊர்ப் பொதுவுக்கும் புள்ளி வரி போடுகிறார்கள். கல்யாணமான ஆண் ஒருவர் ஒரு புள்ளி. புள்ளிக்கு இவ்வளவு என்று கணக்கு. இங்கே ஒவ்வொரு வரிவிதிப்பு எண்ணையும் ஒரு புள்ளியாக வையுங்கள். காரைக்குடிக்குப் புள்ளி அதிகம், கூடக் கொடுக்கும். ஆத்தங்குடி ஊராட்சி குறைவாகக் கொடுக்கும். ஆனால் முடிவெடுக்கும் கூட்டத்தில் இருவருக்கும் இடம் இருக்கவேண்டும், ஆத்தங்குடியில் கணினி கெட்டாலும் இத்தனை மணி நேரத்துக்குள் ஆள் வரவேண்டும் என்று எழுதி வைக்கவேண்டும். பெரிய ஊர் தன் வேலையை முதலில் முடித்துக்கொள்ளும் என்ற பயம் சின்ன ஊர்களுக்கு இருக்கும். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது.

கிளவுட் என்றாலே மலிவு என்று யாராவது விற்க வந்தால் நம்பாதீர்கள். அது மின்மீட்டர் மாதிரி ஓடிக்கொண்டே இருக்கும். சோதனைக்காக ஆரம்பித்த ஒரு சர்வரை யாரும் நிறுத்தாமல் விட்டதால் மாதாமாதம் பில் கட்டிய நிறுவனங்களை நான் பார்த்திருக்கிறேன். பில்லைப் படித்துப் பார்க்கத் தெரிந்த ஒருவர் உங்கள் பக்கத்தில் இருக்கவேண்டும். சிசிடிவி பதிவு மாதிரிக் கனமானவற்றை அங்கே ஏற்றாதீர்கள், இங்கேயே இருக்கட்டும். இணையம் போனாலும் ரசீது போட முடிகிற ஏற்பாடு கவுன்டரில் வேண்டும். கிராமங்களுக்கு இணையம் தரும் மத்திய அரசுத் திட்டமான பாரத்நெட்டின் கண்ணாடி இழை வந்த ஊர்களிலும் மாற்று வழியாக ஒரு மொபைல் இணைப்பு இருக்கட்டும்.

ஒப்பந்தத்தில் நான் மிகவும் வலியுறுத்துவது இதுதான்: தரவு உள்ளாட்சிக்குச் சொந்தம், ஒப்பந்ததாரருக்கு இல்லை. ஒப்பந்தம் முடிந்தால் எந்த மென்பொருளிலும் திறக்கக்கூடிய வடிவத்தில் முழுத் தரவையும் திருப்பித் தரவேண்டும், அதற்குத் தனிக் கட்டணம் கேட்கக் கூடாது. தலைமைக் கடவுச்சொல் அலுவலர் கையில் இருக்கவேண்டும். இது இல்லாவிட்டால் இரண்டாம் வருடம் ஒப்பந்ததாரர் சொன்னதுதான் விலை.

பாதுகாப்பையும் சேர்த்துச் சொல்கிறேன். 2018-இல் அமெரிக்காவின் அட்லாண்டா நகராட்சிக் கணினிகளை முடக்கியவர்கள் கேட்டது சுமார் 51,000 டாலர். சரிசெய்ய ஆன செலவோ பல மில்லியன் டாலர். பெரிய நகராட்சிக்கே அந்தக் கதி. நம் அலுவலகங்களில் இருப்பது மக்களின் ஆதார் எண்ணும் கைபேசி எண்ணும். 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அவற்றைக் காக்கும் பொறுப்பை உங்கள் மேல் சுமத்துகிறது. தனித்தனியாக அதைச் செய்ய யாரிடமும் ஆள் இல்லை.

பெரிய திட்ட அறிக்கை எதுவும் இப்போது வேண்டாம். அடுத்த மன்றக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போடுங்கள்: கடந்த நிதியாண்டில் கணினி, பராமரிப்பு ஒப்பந்தம், இணையம், மென்பொருள், டோனர் ஆகியவற்றுக்கு எவ்வளவு கொடுத்தோம், யாருக்குக் கொடுத்தோம், ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்ற பட்டியலை மற்ற உள்ளாட்சிகளுடன் பகிர்ந்துகொள்கிறோம் என்று. எல்லாப் பட்டியலையும் காரைக்குடியில் ஒரு மேசையில் வைத்துப் பாருங்கள். ஒரே பொருளுக்கு யார் எவ்வளவு கூடக் கொடுத்திருக்கிறார்கள் என்பது அன்றைக்கே தெரிந்துவிடும். முடிகிற தேதி நெருங்கிய ஒப்பந்தங்களைப் புதுப்பிக்காமல் முதல் கூட்டு டெண்டரில் சேருங்கள். அப்புறம் இரண்டு மாவட்ட ஆட்சியர்களிடமும் சேர்ந்தே போய் அனுமதி கேளுங்கள். அந்தப் பட்டியலைத் தொகுக்கவும் ஒப்பந்த வாசகங்களைச் சரிபார்க்கவும் சம்பளம் இல்லாமல் வந்து உட்காரத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
பள்ளத்தூர்க் குடிமகன் ஒருவன்