கேபிளை ஒப்பிடும் முன் ஒலி அளவைச் சமப்படுத்துங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டு ஒலிக்கருவிகள் வாங்குவது குறித்து உங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, மொத்தச் செலவில் பத்தில் ஒரு பங்கைக் கேபிளுக்கு ஒதுக்கச் சொல்கிறது. விலை கூடிய ஒயரை மாட்டியதுமே பாஸ் இறுகும், பாடகர் குரல் முன்னுக்கு வரும் என்றும் சொல்கிறது. கடைகளில் காலங்காலமாகப் புழங்கும் கணக்கு இது. மின்னியலில் இதற்கு ஆதாரம் இல்லை. ஐம்பதாயிரம் ரூபாய்க்குள் செட் வாங்க நினைக்கும் ஒரு குடும்பம் ஐயாயிரத்தை ஒயருக்குக் கொடுத்தால், அந்தத் தொகை ஸ்பீக்கரின் பங்கிலிருந்துதான் கழிகிறது. அதனால்தான் இதை விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

இரண்டு கருவிகளை ஒப்பிடும்போது நம்மை முதலில் ஏமாற்றுவது ஒலி அளவு. ஒன்று மற்றதைவிட அரை டெசிபல் (ஒலி அளவின் அலகு) கூடுதலாகப் பாடினால், 'சத்தம் கூடியிருக்கிறது' என்று காதுக்குத் தோன்றாது. 'தெளிவாக இருக்கிறது, நிறைவாக இருக்கிறது' என்றுதான் தோன்றும். இரண்டு ஆம்ப்ளிபயரிலும் வால்யூம் குமிழை ஒரே இடத்தில் வைத்துவிட்டால் அளவு சமமாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். உள்ளே பெருக்கம் கருவிக்குக் கருவி வேறு, ஆகவே குமிழின் நிலையை வைத்து எதையும் சொல்ல முடியாது.

சமப்படுத்த ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். கைபேசியில் இலவசமாகக் கிடைக்கும் டோன் செயலியில் 100 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஸ்பீக்கரின் பின்புற முனைகளில் அளக்க வேண்டும். முதல் கருவியில் 2.00 வோல்ட் காட்டினால் இரண்டாவதும் 1.98-க்கும் 2.02-க்கும் இடையில் வர வேண்டும். ஒரு சதவீத வித்தியாசம் என்பது ஏறக்குறைய 0.1 டெசிபல், அதற்குமேல் விடக் கூடாது. 1000 ஹெர்ட்ஸ் டோனில் அளக்க வேண்டாம். விலை குறைந்த மீட்டர்கள் பலவும் 400 ஹெர்ட்ஸுக்கு மேல் தவறாகக் காட்டும். ஒயர்களை ஒப்பிடும்போதும் அளவை ஸ்பீக்கர் முனையில்தான் எடுக்க வேண்டும், ஆம்ப்ளிபயர் முனையில் எடுத்தால் ஒயரில் இழந்தது கணக்கில் வராது. ஸ்பீக்கர்களையே ஒப்பிடுவதானால் வோல்ட் உதவாது. ஒரே வோல்ட்டுக்கு ஒவ்வொரு ஸ்பீக்கரும் ஒவ்வொரு அளவில் ஒலிக்கும். அங்கே பிங்க் நாய்ஸ் (எல்லா அதிர்வெண்ணும் கலந்த 'ஷ்ஷ்' என்ற சோதனை ஒலி) ஓடவிட்டு, உட்காரும் இடத்தில் கைபேசியின் ஒலிமானியை அசையாமல் வைத்துச் சமப்படுத்த வேண்டும்.

அடுத்தது கண். ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற இரு ஒலியியல் ஆய்வாளர்கள் 1994-ல் ஒரே ஸ்பீக்கர்களைப் பார்க்கவிட்டும், பார்க்க முடியாதபடி மறைத்தும் மதிப்பெண் போடச் சொன்னார்கள். பார்த்துக் கேட்டபோது மதிப்பெண்கள் மாறின. ஸ்பீக்கரை இடம் மாற்றி வைத்ததால் உண்மையாகவே ஏற்பட்ட ஒலி வேறுபாடுகூட, கண் திறந்திருந்தபோது அமுங்கிப்போனது. கேட்டுப் பழகியவர்களும் இதற்கு விலக்கு இல்லை. ஸ்பீக்கருக்கே இந்த நிலை என்றால், பாம்பு போலத் தடித்த பின்னல் உறை போட்ட கேபிளைப் பார்த்த பிறகு சொல்லும் கருத்தை என்னவென்று எடுத்துக்கொள்வது?

வீட்டில் செய்துபார்க்க விரும்புவோர் ஒருவரை மாற்றிவிட வைத்து, மற்றவர் முகம் திருப்பி உட்காரலாம். எந்த ஒயர் என்பதை ஒவ்வொரு முறையும் நாணயம் சுண்டித் தீர்மானிக்க வேண்டும். மாற்றுபவர் வாய் திறக்கக் கூடாது. 16 முறை கேட்டு 12 முறையாவது சரியாகச் சொன்னால் அதைப் பொருட்படுத்தலாம். குருட்டாம்போக்கில் அப்படி வர நூற்றுக்கு நான்கு வாய்ப்புதான். எட்டு, ஒன்பது முறை சரியாக வந்தால் நாணயத்துக்கும் காதுக்கும் வேறுபாடு இல்லை என்று பொருள். ஒயரைக் கழற்றி மாட்ட இரண்டு நிமிடம் எடுத்தால் முன்பு கேட்டது நினைவில் நிற்காது. நுணுக்கமான ஒலி வேறுபாட்டைக் காது சில விநாடிதான் பிடித்து வைத்திருக்கும். ஆகவே இரு துருவமும் சேர்ந்து மாறும் டிபிடிடி சுவிட்சைப் பயன்படுத்த வேண்டும். ஆம்ப்ளிபயர்களை மாற்றும்போது இது மிக முக்கியம். பிளஸ் ஒயரை மட்டும் மாற்றிவிட்டு இரண்டு மைனஸையும் ஒன்றாகச் சேர்த்தால், மைனஸ் முனை எர்த்தில் இல்லாத ஆம்ப்ளிபயர்களில் அவுட்புட் ஐசி அந்த நொடியே போய்விடும்.

இனி ஸ்பீக்கர் ஒயர். இங்கே கேட்கக்கூடிய வித்தியாசம் உண்மையாகவே உண்டு, அதற்குக் காரணம் மின்தடை. ஒரு சதுர மி.மீ. செம்புக் கம்பிக்கு மீட்டருக்கு 0.017 ஓம். ஸ்பீக்கர் ஐந்து மீட்டர் தள்ளி இருந்தால் போக வர பத்து மீட்டர் என்று கணக்கிட வேண்டும். 0.5 சதுர மி.மீ. மெல்லிய ஒயரில் இது 0.34 ஓம், 2.5 சதுர மி.மீ. ஒயரில் 0.07 ஓம். ஸ்பீக்கரில் 8 ஓம் என்று அச்சிட்டிருந்தாலும் அது எல்லா அதிர்வெண்ணிலும் 8 ஓமாக நிற்பதில்லை. ஓரிடத்தில் 5 ஓமுக்கு இறங்கும், இன்னோரிடத்தில் 30 ஓமுக்கு ஏறும். 5 ஓம் உள்ள இடத்தில் மெல்லிய ஒயர் 0.6 டெசிபலை விழுங்கும், 30 ஓம் உள்ள இடத்தில் 0.1 டெசிபலை மட்டும் விழுங்கும். அதாவது அரை டெசிபல் அளவுக்கு ஒலியின் சமநிலையே சாய்கிறது. 2.5 சதுர மி.மீ. ஒயரில் இந்தச் சாய்வு மொத்தமாகவே 0.1 டெசிபல்தான். அதற்குமேல் எத்தனை ஆயிரம் கொட்டினாலும் குறைப்பதற்கு மிச்சம் இருப்பது அந்த 0.1 மட்டும். 'மெல்லிய ஒயரை மாற்றியதும் நன்றாகக் கேட்டது' என்று ஒருவர் சொன்னால் அதை நம்பலாம், விலைதான் காரணம் என்று அவர் முடிவு கட்டுவதைத்தான் ஏற்க முடியாது.

போக வர மின்தடை ஸ்பீக்கர் ஓமில் ஐந்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது நடைமுறை விதி. 1.5 சதுர மி.மீ. செம்பு 8 ஓம் ஸ்பீக்கருக்கு 15 மீட்டர் வரையும், 4 ஓமுக்கு 8 மீட்டர் வரையும் தாங்கும். எலக்ட்ரிக்கல் கடையில் '40/76' என்று கேட்டு வாங்கும் ஒயரில் 0.0076 அங்குல இழைகள் நாற்பது, கூட்டினால் சுமார் 1.17 சதுர மி.மீ. சாதாரண ஹாலுக்கு இதுவே போதும். வாங்கும்போது நுனியைச் சீவி இழைகளை எண்ணிப் பாருங்கள், குறைவதும் உண்டு. ஓர் இழையைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அது செம்புப் பூச்சுப் போட்ட அலுமினியம். அதன் மின்தடை செம்பைப்போல் ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் மேல், வளைத்து வளைத்து மாட்டினால் இழைகள் முறியும். கையில் எடை பார்த்தாலே பழகியவர்களுக்குத் தெரிந்துவிடும்.

ஒயரைவிட அதிகம் தொல்லை கொடுப்பது அதன் நுனி. எங்களைப் போன்ற கடலோர ஊர்களில் கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே செம்பு பச்சை பிடிக்கும். அப்போது நுனியில் ஓர் அங்குலத்தை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகச் சீவ வேண்டும். பத்து, பன்னிரண்டு மி.மீ. சீவினால் போதும், கூடுதலாகச் சீவினால் ஓர் இழை பக்கத்து முனையைத் தொட்டு ஆம்ப்ளிபயரைச் சுட்டுவிடும். திருகு முனைக்குள் போகும் ஒயருக்கு ஈயம் வைக்கக் கூடாது. ஈயம் அழுத்தத்தில் மெல்ல நசுங்கிக் கொடுத்துப் பிடிப்பு தளர்ந்துவிடும். வெறும் இழைகளை முறுக்கி இறுக்கலாம், அல்லது பனானா பின் போடலாம். தங்க முலாம் துருவைத் தடுக்கும், ஒலிக்கு அது எதுவும் செய்யாது.

பிளஸ் மைனஸ் ஒரு பக்கம் மட்டும் மாறியிருந்தால் பாஸ் காணாமல் போய், நடுவில் நிற்க வேண்டிய குரல் அறையெங்கும் கலைந்து கேட்கும். 'இந்த கேபிள் சரியில்லை' என்று ஒதுக்கப்படும் கேபிள்களில் பலவற்றின் குற்றம் இதுதான். சந்தேகம் வந்தால் ஒயரை ஆம்ப்ளிபயரிலிருந்து கழற்றிவிட்டு, 1.5 வோல்ட் பேட்டரியின் பிளஸை சிவப்பு ஒயரிலும் மைனஸைக் கறுப்பிலும் ஒரு கணம் தொட்டால் வூஃபர் வெளியே தள்ள வேண்டும். இரண்டு ஸ்பீக்கரும் ஒரே பக்கம் அசைந்தால் சரி.

ஆர்சிஏ கேபிள்களில், சிடி பிளேயருக்கும் ஆம்ப்ளிபயருக்கும் நடுவே போகும் இரண்டு மீட்டர் கேபிள் ஒலியை மாற்ற வழியே இல்லை. அதன் மின்தேக்கம் 200 பிகோஃபாரட் அளவில் இருக்கும். அது சத்தத்தைக் குறைக்கத் தொடங்கும் எல்லை, நம் காது கேட்கும் 20 கிலோஹெர்ட்ஸைப்போல் பல மடங்கு மேலே. விதிவிலக்கு ஒன்று உண்டு, இசைத்தட்டுப் பிரியர்கள் அதைக் கவனிக்க வேண்டும். இசைத்தட்டு ஊசியைத் தாங்கும் மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜின் சுருளுக்குத் தூண்டம் அரை ஹென்றி அளவில் இருக்கும். அதோடு 200 பிகோஃபாரட் சேர்ந்தால் ஒத்ததிர்வு (ஓர் அதிர்வெண் மட்டும் தூக்கலாகும் இடம்) 16 கிலோஹெர்ட்ஸில் விழும், 400 சேர்ந்தால் 11 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். வயலினின் மேல் ஓசையும் தாளத்தின் கணீரும் அங்கேதான் மாறுகின்றன. எனவே டர்ன்டேபிளுக்கு நீளமான கேபிள் போடக் கூடாது. கார்ட்ரிட்ஜ் குறிப்பில் உள்ள பிகோஃபாரட் அளவை, கேபிளும் ஆம்ப்ளிபயரின் போனோ (இசைத்தட்டு) உள்ளீடும் சேர்ந்த கூட்டுத்தொகையோடு பொருத்திப் பார்க்க வேண்டும்.

எச்டிஎம்ஐ, ஆப்டிகல் கேபிள்களில் 'இனிமை' என்ற பேச்சுக்கே இடமில்லை. எண்கள் சரியாகப் போய்ச் சேரும், இல்லாவிட்டால் ஒலி விட்டுவிட்டு வரும், திரை மினுக்கும். பவர் கார்டும் அப்படித்தான். சுவருக்குள் பத்து இருபது மீட்டர் சாதாரண ஒயரில் வந்த மின்சாரத்தைக் கடைசி ஒன்றரை மீட்டரில் சுத்தப்படுத்த முடியாது. பிளக் தளராமல் பிடிப்பாக நிற்பதும் எர்த் சரியாக இருப்பதும்தான் அங்கே பார்க்க வேண்டியவை.

ஹம் பற்றி ஒரு வார்த்தை. டிவியை ஆம்ப்ளிபயரோடு இணைத்ததும் 'ம்ம்ம்' என்று வந்தால், டிஷ் அல்லது கேபிள் டிவி ஒயரைக் கழற்றிப் பாருங்கள். ஹம் நின்றால் இரண்டு எர்த்துக்கு நடுவே வளையம் உண்டாகியிருக்கிறது என்று அர்த்தம். டிவியிலிருந்து ஆப்டிகல் கேபிளில் எடுத்தால் மின் தொடர்பே இல்லாததால் ஹம் போய்விடும். மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை வெட்டிவிடும் பழக்கம் நம் ஊரில் பரவலாக இருக்கிறது. ஹம் நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் உள்ளே டிரான்ஸ்பார்மர் பழுதானால் ஆம்ப்ளிபயரின் உலோகப் பெட்டியே 230 வோல்ட்டில் நிற்கும். தயவுசெய்து யாரும் செய்ய வேண்டாம்.

கேபிளில் மிச்சமாகும் பணம் எங்கே போக வேண்டும் என்றால், முதலில் ஸ்பீக்கர். இரண்டு ஸ்பீக்கர்களுக்கு இடையே பல டெசிபல் வேறுபாடு சாதாரணம். அடுத்து அறை. பத்துக்குப் பத்து அறையில் நீளமும் அகலமும் ஒன்றாக இருப்பதால் இரு பக்க நிலை அலைகளும் (எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே மோதித் திரும்பி நிற்கும் ஒலி அலைகள்) 57 ஹெர்ட்ஸில் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அறையின் நடுவில் உட்கார்ந்தால் அந்த பாஸ் காணாது, சுவரோரம் உட்கார்ந்தால் குமுறும். நாற்காலியை ஓர் அடி நகர்த்தினால் வரும் மாற்றத்துக்கு முன்னால் கேபிள் ஒன்றுமே இல்லை. டைல்ஸ் தரையும் வெறும் சிமென்ட் சுவரும் குரலைக் கூசவைக்கும். பக்கச் சுவரில் ஒருவர் கண்ணாடியை நகர்த்திக்கொண்டே வர, உட்கார்ந்திருப்பவருக்கு ஸ்பீக்கர் எங்கே தெரிகிறதோ அங்கே ஓர் இலவம்பஞ்சு மெத்தையைச் சாய்த்து வைத்துக் கேட்டுப் பாருங்கள்.

ஆம்ப்ளிபயர் வாட்ஸ் விஷயத்தில் கணக்கு தெரிந்திருப்பது நல்லது. சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் வாங்கி அசெம்பிள் செய்யும் ஆம்ப்ளிபயர்களில் 12-0-12 டிரான்ஸ்பார்மர் (நடு முனையிலிருந்து பக்கத்துக்கு 12 வோல்ட் ஏசி தருவது) சாதாரணம். டையோடும் கண்டன்சரும் தாண்டினால் பக்கத்துக்கு 16 வோல்ட், ஐசி எடுத்துக்கொண்டது போக உச்சம் 13 வோல்ட். 13-ஐ 13-ஆல் பெருக்கி, 8 ஓமின் இரு மடங்கான 16-ஆல் வகுத்தால் பத்தரை வாட்ஸ். முகப்பில் 200 என்று எழுதியிருந்தாலும் சேனலுக்கு அதுதான். அமெரிக்காவில் ஃபெடரல் டிரேட் கமிஷன் 1974-லேயே ஆம்ப்ளிபயர் வாட்ஸை எப்படி அளந்து விளம்பரப்படுத்த வேண்டும் என்று விதி போட்டுவிட்டது. இங்கே பிஎம்பிஓ (ஒரு கண உச்சத்தைக் காட்டும் வாட்ஸ்) என்று ஆயிரக்கணக்கில் எழுதுவதை இன்னும் பொறுத்துக்கொண்டிருக்கிறோம்.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இனி ஒலிக்கருவி மதிப்பீடு வெளியிடும்போது மூன்று தகவல்களையும் சேர்த்து அச்சிடுங்கள்: ஒலி அளவை எதை வைத்துச் சமப்படுத்தினார்கள், எந்தக் கருவி என்று தெரியாமல் கேட்டார்களா, எத்தனை முறை கேட்டு எத்தனை முறை சரியாகச் சொன்னார்கள். கேபிளானால் அதன் சதுர மி.மீ. அளவும், மல்டிமீட்டரில் ஸ்பீக்கர் முனையில் எடுத்த வோல்ட்டும் இருக்க வேண்டும். விளம்பரங்களில் வரும் வாட்ஸுக்குப் பக்கத்தில் அது ஆர்எம்எஸ்ஸா (தொடர்ந்து தரக்கூடிய வாட்ஸா), எத்தனை ஓமில் அளந்தது என்பதையும் விளம்பரதாரரிடம் கேட்டுப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒலிக்கருவி பழுதுநீக்குபவர் ஒருவர்,
தூத்துக்குடி.