அந்த ஒரு வரியை நான் மாற்றிச் சொன்னேன்

அன்புள்ள பிள்ளைக்கு,

உன் பெயரை இங்கே எழுதவில்லை. இதை வாசிப்பவர்களில் உன்னைத் தெரிந்தவர்களும் இருப்பார்கள், என்னோடு வேலை செய்தவர்களும் இருப்பார்கள். மூன்று தரம் உனக்கு மெசேஜ் போட்டேன். பார்த்துவிட்டாய் என்று காட்டியது, பதில் வரவில்லை. வேறு வழி தெரியாமல்தான் இங்கே எழுதுகிறேன்.

உன்னைக் கூட்டிப்போனது போல இந்த டிசம்பரிலும் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஜப்பானுக்குப் போகச் சொல்லிக் கேட்டார்கள். இரண்டு தரம் மறுத்தேன். போன வெள்ளிக்கிழமை சம்மதித்துவிட்டேன். அன்று இரவு நித்திரை வரவில்லை. வெள்ளவத்தையில் கடைசி ரயில் போன பிறகு கடல் சத்தம் மட்டும்தான். ஹிரோஷிமா நூதனசாலையில் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நீ நின்றதே திரும்பத் திரும்ப வந்தது.

வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன், உனக்கல்ல. அந்தக் கண்ணாடிக்குள் இருப்பது ஷிகேரு ஒரிமென் என்ற மாணவனின் சாப்பாட்டுப் பெட்டி. குண்டு வீச்சில் தீ பரவாமல் இருக்க வீடுகளை இடித்து வெளி உண்டாக்கும் வேலைக்குப் பள்ளிப் பிள்ளைகளை அனுப்பிய காலம் அது. 1945 ஆகஸ்ட் 6, காலை 8.15. பிறகு தாய்தான் தேடிப்போய் மகனின் உடலைக் கண்டெடுத்தார். உடலுக்குக் கீழே பெட்டி இருந்தது. உள்ளே இருந்த சோறு அப்படியே கரி.

நீ வெகுநேரம் நின்றாய். பிறகு தமிழில் ஒரு வரி சொன்னாய், உன் அம்மாவையும் அண்ணாவையும் பற்றி. அதை இங்கே எழுதமாட்டேன், அது உன் வீட்டுக் கதை. 2009இல் உனக்கு எட்டு வயது என்பதை மட்டும் எழுதுகிறேன். பக்கத்தில் நின்ற ஜப்பானியப் பிள்ளை, நீ இரண்டு நாள் தங்கியிருந்த வீட்டுப் பிள்ளை, “என்ன சொல்கிறாள்?” என்று ஆங்கிலத்தில் என்னிடம் கேட்டாள். “மிகவும் கவலையாக இருக்கிறது என்கிறாள்” என்று சொன்னேன்.

அப்போது உனக்கு ஆங்கிலம் சரியாகப் பேச வராது. ஆனால் விளங்கும். என்னைத் திரும்பிப் பார்த்தாய். பிறகு கட்டுநாயக்க விமான நிலையம் வரும் வரைக்கும் கேட்டதற்கு மட்டும் பதில்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று உனக்கு ஒருநாளும் சொல்லவில்லை. நமக்குப் பின்னால் யார் நின்றார் என்று உனக்குத் தெரியும். பன்னிரண்டு பிள்ளைகளில் தமிழ் மொழிமூலம் படித்தவள் நீ ஒருத்திதான். ஒரு முறைப்பாடு போனால் அடுத்த வருடம் அந்த ஓர் இடமும் இல்லாமல் போகும் என்று நினைத்தேன். பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே நினைத்தேன். ஆனால் அந்தக் கணத்தில் என் வாயில் வந்தது கணக்கல்ல, பயம். 1983 ஆடியில் எனக்குப் பன்னிரண்டு வயது. அதற்குப் பிறகு பல வருடம், பஸ்ஸில் ஏறுமுன் அம்மா என் நெற்றிப் பொட்டைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிடுவார். பஸ்ஸுக்குள் தமிழில் ஒரு சொல் வரக்கூடாது. அப்படி வளர்ந்தவளிடம் உன் வரியை மொழிபெயர்க்கக் கொடுத்துவிட்டார்கள்.

முதல் நாள் வரவேற்பில், ஜப்பானில் நாம் போன பள்ளியின் அதிபர் நம் நாட்டைப் புகழ்ந்தார். 1951இல் சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில் நம் நிதியமைச்சர் ஜே.ஆர். ஜயவர்தன புத்தரின் வாக்கை எடுத்துச் சொல்லி, வெறுப்பு வெறுப்பால் தணியாது, அன்பாலேயே தணியும் என்று ஜப்பானுக்காகப் பேசியதை இன்றும் மறக்கவில்லை என்றார். எல்லோரும் கைதட்டினோம். நானும் தட்டினேன். அந்த ஜே.ஆர்.தான் 1983 ஆடியில் ஜனாதிபதி. இதற்கு மேல் அதைப் பற்றி எழுதமாட்டேன்.

உன்னைப் பற்றி நினைத்தால் முதலில் அந்தப் பள்ளியின் நீள விறாந்தைதான் வரும். அங்கே பிள்ளைகளே வகுப்பைத் துடைக்கிறார்கள் என்று கண்டதும், நம் பிள்ளைகள் படமெடுத்துக்கொண்டு நின்றார்கள். நீ ஒரு துணியை வாங்கி, குனிந்து இரண்டு கையாலும் தரையில் அழுத்தி, அவர்களோடு ஓடினாய். முந்தியும் விட்டாய். பத்து நாளில் நீ வாய்விட்டுச் சிரித்தது அப்போது மட்டும்தான்.

ஆனால் போன வருடம் பேஸ்புக்கில் எழுதினாயே, வாயைப் பொத்திய மிஸ் என்று. கீழே எத்தனை பேர் என்னை ஏசினார்கள்! உன் அம்மாவின் கையெழுத்துக்காக நான் முல்லைத்தீவுக்குப் பஸ் ஏறியது அதில் இல்லை. பாஸ்போர்ட் கந்தோர் வரிசையில் விடியற்காலையில் உன்னோடு நின்றது இல்லை. புறக்கோட்டையில் என் காசில் வாங்கிய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டுதானே அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நின்றாய்? இதை எழுதி அழித்தேன், திரும்பவும் எழுதிவிட்டேன். இருக்கட்டும். கோபம் இல்லை என்று சொன்னால் அதுவும் மாற்றிச் சொன்னதாகிவிடும்.

ஸ்வெட்டர் வாங்கித் தந்தவளுக்கு உன் வரியை மாற்ற உரிமை வந்துவிடாது. அது எனக்குத் தெரியும். என்னை மன்னித்துக்கொள் பிள்ளை.

புறப்படுமுன் ஒரு தாள் அடித்துக் கொடுத்தேனே, ஆறாவதாக, நாட்டுப் பிரச்சினைகளைப் பற்றிப் பேச வேண்டாம் என்று. இந்த முறைக்குரிய தாளில் அதை எடுத்துவிட்டேன். எங்கே போனது என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்து வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. அந்த ஜப்பானியப் பிள்ளை வருடா வருடம் எனக்கு மின்னஞ்சல் போடுவாள். இப்போது வேலை செய்கிறாள். நாங்கள் வரப்போவதை அறிந்து எழுதியிருக்கிறாள். கடைசியில் ஒரு கேள்வி: அன்று அவள் சொன்னது நீங்கள் சொன்னதைவிட நீளமாக இருந்ததே, உண்மையில் என்ன சொன்னாள்?

இன்னும் பதில் போடவில்லை. நீ சரி என்றால் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்து அனுப்புகிறேன். என்னை நம்ப முடியாவிட்டால் அவளுடைய முகவரியை அனுப்புகிறேன், நீயே எழுது. இப்போது உன் ஆங்கிலம் என்னுடையதைவிட நல்லது.

உன் மிஸ்
வெள்ளவத்தை